காரைக் கன்சல்டிங்கில் நிறுத்தி விற்கலாமா, அங்கே போய் வாங்கலாமா?

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இது. பொள்ளாச்சியில் இருக்கும் ஒருவருக்கு வேலை பெங்களூருக்கு மாறுகிறது. அவரிடம் இருப்பது 2017 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர் ஓடியது. பழைய வண்டிகளை விற்றுத் தரும் பக்கத்து ஆட்டோ கன்சல்டிங் கடையில், "வண்டியை இங்கே விட்டுட்டுப் போங்க, நாங்க வித்துத் தர்றோம், ரெண்டு பர்சென்ட் குடுத்தாப் போதும்" என்கிறார்கள். விடலாமா? எத்தனை கிடைக்கும், எத்தனை பிடிப்பார்கள்? அவருடைய அக்கா இதே மாதிரி இன்னொரு கடையில் நிற்கும் வேகன்ஆரைப் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா?

ஈரோட்டில் ஒரு கன்சல்டிங்கில் பதினோரு வருஷம் பேப்பர் வேலை பார்த்தேன். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) வாங்கி வைப்பது, கையெழுத்து வாங்குவது, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடப்பது, ஃபைனான்ஸ்காரர்களிடம் என்.ஓ.சி. (லோன் பாக்கி இல்லை, ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்குவது எல்லாம் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டும் செய்யலாம். ஆனால் உங்கள் கேள்வி முழுக்க விலையைப் பற்றியே இருக்கிறது. எத்தனை கிடைக்கும், எத்தனை பிடிப்பார்கள் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆர்.சி.யில் பேர் எப்போது மாறும் என்று ஒரு வரி கூட இல்லை. நான் பார்த்தவரை இந்த ஏற்பாட்டில் ஐயாயிரம் பத்தாயிரம் நஷ்டப்பட்டவர்கள் அதை மறந்துவிட்டார்கள். பேர் மாறாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் வருஷக்கணக்கில் அலைந்தார்கள்.

முதலில் ஏற்பாடு என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். 'பார்க் அண்ட் சேல்' என்றால் வண்டி உங்களுடையது, இடம் அவர்களுடையது, விற்பதும் அவர்கள். விற்ற பிறகு கமிஷன் போக மீதி உங்களுக்கு. வாழைத்தாரைக் கமிஷன் மண்டியில் இறக்கிவிட்டு வரும் விவசாயிக்கு இது பழகிய முறை. ஒரு வித்தியாசம் உண்டு. தார் விற்றதோடு விவசாயியின் கணக்கு முடிந்தது. கார் விற்ற பிறகும், அரசாங்கப் பதிவேட்டில் மாற்றும் வரை அது உங்கள் பேரில்தான் நிற்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 'ஓனர்' என்று சொல்வது யார் பேரில் பதிவு இருக்கிறதோ அவரைத்தான். கையில் சாவி வைத்திருப்பவரை இல்லை.

சரி, விற்பவருக்கு இதில் என்ன லாபம்? உங்கள் நிலைமைக்கு லாபம் நிறையவே உண்டு. நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு, வரும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் பொள்ளாச்சி வந்து வண்டியைக் காட்ட முடியாது. ஓ.எல்.எக்ஸில் போட்டால் முதல் நாளே நாற்பது பேர் கூப்பிடுவார்கள், அதில் முப்பது பேர் புரோக்கர்கள். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் வந்து சாவியைக் கேட்பதும் நல்லதில்லை. கடையில் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. லோன் போட்டு வாங்குகிறவர்களும் கடைக்குத்தான் வருவார்கள், ஏனென்றால் ஃபைனான்ஸ் ஏற்பாட்டைக் கடையே செய்துவிடும். லோனில் வாங்குகிறவர் ரொக்கத்துக்கு வாங்குகிறவரை விடக் கொஞ்சம் கூடவே விலை கொடுப்பார். இது நேரடியாக விற்கும்போது உங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு.

கடையே ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்வதை விடவும் இது மேல். ரொக்கத்துக்கு எடுக்கும் கடைக்காரர் தன் பணத்தை முடக்குகிறார், பெயின்ட் பாலிஷ் செலவு செய்கிறார், மூன்று மாதம் விற்காமல் நிற்கலாம் என்ற பயத்தையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். நேரடியாக நாலரை லட்சத்துக்குப் போகக்கூடிய வண்டிக்கு, ரொக்கத்தில் நாலு லட்சத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். பார்க் அண்ட் சேலில் அந்தப் பயம் உங்கள் தோளுக்கு வருகிறது. அதற்குப் பதிலாக விலையின் பெரும்பங்கும் உங்களுக்கே வருகிறது. அவசரத்துக்குப் பணம் தேவையில்லாதவருக்கு இது நல்ல ஏற்பாடு. உங்கள் வண்டிக்கு ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஸ்விஃப்ட்டின் புது வடிவம் 2018 பிப்ரவரியில் வந்தது, உங்களுடையது பழைய வடிவத்தின் கடைசி வருஷம். 2018 மாடல் ஸ்விஃப்ட் பக்கத்தில் நின்றால், அதன் விலையை வைத்து உங்கள் விலையைக் கணக்குப் போடாதீர்கள்.

இனி கமிஷன். 'ரெண்டு பர்சென்ட்' என்பது கேட்க நன்றாக இருக்கும். அது கடைக்காரரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். நாலரை லட்சத்துக்கு விற்றால் அவருக்கு 9,000. ஒரு மாதம் பொறுத்திருந்து 20,000 கூட வாங்கிக் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது இன்னும் 400 ரூபாய். 400 ரூபாய்க்காக யாரும் ஒரு மாதம் இடத்தை அடைத்து வைக்க மாட்டார்கள். அதனால் வண்டியை விட்ட இரண்டாவது வாரத்திலேயே போன் வரும்: "பார்ட்டி ரெடியா இருக்காங்க, நாலு இருபதுன்னா இப்பவே முடிச்சிடலாம், விட்டா வேற வண்டிக்குப் போயிடுவாங்க." அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பார்ட்டி நிஜமாகவே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய லாபம் சீக்கிரம் முடிப்பதில் இருக்கிறது, உங்களுடையது நல்ல விலையில் இருக்கிறது.

இன்னொரு வழி 'நெட் ரேட்'. எனக்கு நாலு இருபது கைக்கு வந்தால் போதும், அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் உங்களுடையது என்று சொல்லிவிடுவது. இதில் தலைகீழான சிக்கல். கடைக்காரர் 4,85,000 விலை சொல்லி நிறுத்தி வைப்பார். வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள், வண்டி நான்கு மாதம் வெயிலில் நிற்கும். நெட் ரேட் பேசினால் நாள் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்: நாற்பத்தைந்து நாள், அதற்குள் விற்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொள்வேன், பார்க்கிங் வாடகை என்று எதுவும் கேட்கக் கூடாது. எனக்குப் பிடித்தது இரண்டையும் கலந்த முறை. ஒரு அடிமட்ட விலை வரைக்கும் இரண்டு சதவீதம், அதற்கு மேல் எவ்வளவு வாங்கிக் கொடுத்தாலும் அந்த அதிகப்படியில் கால் பங்கு கடைக்கு. இப்படிப் பேசிய ஓனர்களின் வண்டியை எங்கள் கடையில் பையன்கள் தினமும் துடைத்து முன் வரிசையில் வைப்பார்கள்.

சதவீதக் கமிஷனுக்கு ஒத்துக்கொண்டுவிட்டு, 4,50,000-க்கு விற்றதை 4,20,000 என்று ஓனரிடம் சொல்லிவிட்டு நடுவில் முப்பதாயிரம் எடுக்கும் கடைகளும் உண்டு. பலர் இதை 'தொழில் வழக்கம்' என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. உங்களுக்காக விற்கும் கடைக்காரர் சட்டப்படி உங்கள் ஏஜென்ட். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 213-ஆம் பிரிவின்படி நீங்கள் கேட்டால் அவர் கணக்குக் காட்ட வேண்டும். 216-ஆம் பிரிவின்படி, உங்களுக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்து அடைந்த ஆதாயத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம். நடைமுறையில் இதற்கு எளிய வழி, முழுப் பணமும் வாங்குபவரின் கணக்கிலிருந்தோ அவருடைய லோன் கம்பெனியிலிருந்தோ நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. கமிஷனை நீங்கள் தனியாக அனுப்புங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது, அதனால் வங்கி வழியாகத்தான் வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். வண்டியை விடும்போது கடையில் நான்கு பொருள் கேட்பார்கள்: சாவி, ஒரிஜினல் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல், பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் எதுவும் நிரப்பாமல் உங்கள் கையெழுத்து. "பார்ட்டி வந்தா உங்களைத் தேடிக்கிட்டு இருக்க முடியாதுங்க, அதுக்குத்தான்" என்பார்கள். நானே நூற்றுக்கணக்கானவர்களிடம் அப்படி வாங்கியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்: வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல் ஆர்.சி.யை விடாதீர்கள். நகல் கொடுங்கள். வாங்குபவர் யார், முகவரி என்ன, பணம் வந்துவிட்டதா என்பது தெரிந்த பிறகு, அவர் பேர் நிரப்பிய படிவத்தில், தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெங்களூரிலிருந்து ஒரு நாள் வந்துபோகும் பஸ் செலவு இதற்கு முன்னால் பெரிதில்லை.

கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் எங்கெல்லாம் போகும் என்று பார்த்திருக்கிறேன். கோபியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கடை வழியாக ஒரு மாருதி 800-ஐ விற்றிருந்தார். நான்கு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில், மஞ்சள் பையில் ஒரு சம்மனோடு வந்து நின்றார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வந்தது. அவர் விற்ற வண்டி யாரோ ஒருவரை இடித்திருந்தது. இன்ஷூரன்ஸ் காலாவதி, பேர் இன்னும் அவருடையது. நாங்கள் டெலிவரி நோட்டைத் தேடி எடுத்தோம். தாராபுரத்துக்காரர் ஒருவர் வாங்கியது, அவர் பேர் மாற்றாமலே காங்கேயத்தில் விற்றது, அவரும் மாற்றாமல் இன்னொருவருக்குக் கொடுத்தது. அதற்கு மேல் தடம் கிடைக்கவில்லை. வெற்றுப் படிவம் கைக்குக் கை போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அதில் நிரந்தரமாக இருந்தது வாத்தியாரின் கையெழுத்து மட்டும்தான். "நான்தான் வித்துட்டேனே தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வாய்தாவுக்கு அலைந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது நான்.

இது தனி ஒருவரின் துரதிர்ஷ்டம் இல்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இதையே சொல்கிறது. 2007-இல் விற்ற கார், கை மாறிக் கை மாறிப் போய், 2009-இல் ஒரு விபத்தில் ஒருவர் உயிரைப் பறித்தது. ஆர்.சி. முதல் ஓனர் பேரிலேயே இருந்தது. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே இழப்பீடு தர வேண்டும், விபத்தில் பாதிக்கப்பட்டவர் கை மாறிய சங்கிலியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமும்கூட. 2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் வெடித்த காரும் இப்படிப் பல கை மாறிய ஒரு மாருதி 800-தான். அதற்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர்களையெல்லாம் போலீஸ் தேடிப்போய் விசாரித்தது. உங்கள் வண்டிக்கும் அப்படி நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வண்டியை விற்பதும் பேரை மாற்றுவதும் இரண்டு தனித்தனி வேலை, இரண்டும் முடிந்தால்தான் முடிந்தது.

சட்டம் விற்பவர் மேலும் ஒரு கடமையை வைத்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்கள் தகவல் கொடுக்க வேண்டும். படிவம் 29 அதற்குத்தான். வாங்கியவருக்கு 30 நாள். கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், ஒரு பிரதியை நீங்களே ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதனாலேயே பொறுப்பு முழுக்க நீங்கிவிடாது, ஆனாலும் கையில் ஒரு சாட்சி இருக்கும். பிறகு எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓனர் பேரை அதில் முழுதாகக் காட்டாவிட்டாலும், முதல் எழுத்துகள் மாறிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

2023 ஏப்ரல் 1 முதல் இதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரம் செய்யும் கடைகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கலாம். அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அப்படி அங்கீகாரம் உள்ள கடையில் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29-சி வழியாக ஆன்லைனில் தகவல் கொடுத்துவிட்டால், அன்றிலிருந்து அந்தக் கடையே வண்டியின் ஓனராகக் கருதப்படும். வண்டி எங்கே போனது, எதற்காகப் போனது என்று அவர்கள் பதிவேடும் வைக்க வேண்டும். உங்களுக்கு இதைவிட நிம்மதி கிடையாது. "உங்ககிட்ட அத்தரைசேஷன் இருக்குதுங்களா, 29-சி போட்டுத் தருவீங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நான் பழகிய சிறிய கடைகளில் பலர் இன்னும் இதை வாங்கவில்லை. வாங்கிய கடை கிடைத்தால் அரை சதவீதம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

வண்டி கடையில் நிற்கும் காலத்தில் என்ன நடக்கும் என்பது அடுத்தது. என் மச்சான் ஒருவர் கோவையில் ஒரு கடையில் வண்டியை விட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு அவர் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது: விஜயமங்கலம் டோலில் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. கடைக்கு ஞாயிறு லீவு. திங்கட்கிழமை போய் மீட்டரைப் பார்த்தால், விட்ட அன்று எடுத்த போட்டோவை விட 214 கிலோமீட்டர் கூட. கண்ணாடியில் இருந்த ஃபாஸ்டேக்கைக் கழற்ற மறந்ததால்தான் இது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது நல்லதுதான், ஆனால் டேக்கைக் கழற்றி வங்கியில் முடித்துவிடுவதுதான் முறை. இல்லாவிட்டால் அடுத்தவர் பயணத்துக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்.

அந்த 214 கிலோமீட்டரில் ஒரு விபத்து நடந்திருந்தால்? உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். எந்தெந்த உபயோகத்துக்குக் காப்பீடு இல்லை என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, பந்தயம் இவற்றோடு 'மோட்டார் வியாபாரம் தொடர்பான உபயோகம்' என்பதும் அதில் சேர்ந்திருக்கும். கடைப் பையன் பார்ட்டிக்கு ஓட்டிக்காட்டும்போது பம்பர் நசுங்கினால், இந்த வரியைக் காட்டி கிளெய்மை மறுக்க வழி இருக்கிறது. அதனால் டிரயலில் அடிபட்டால் செலவு கடையுடையது என்று எழுதி வாங்க வேண்டும். இன்னொன்று, நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. பாலிசியை வாங்குபவர் பேருக்கு மாற்றும்போது அதற்கான கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குள் அடுத்த கார் வாங்கினால் அந்தத் தள்ளுபடி, அதிகபட்சம் 50 சதவீதம் வரை, அதற்கு வரும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எழுதி வாங்குவது என்றால் பெரிய பத்திரம் வேண்டாம். கடையின் லெட்டர்பேடில் ஒரு பக்கம் போதும். விட்ட தேதி, நேரம், மீட்டர் எண், எத்தனை சாவி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா, அடிமட்ட விலை, கமிஷன், எத்தனை நாள், டிரயல் எத்தனை கிலோமீட்டருக்குள், கடையாள் கூட இல்லாமல் யாருக்கும் சாவி தரக் கூடாது என்பது, நான் எப்போது கேட்டாலும் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பது. கீழே சீல், கையெழுத்து. வண்டியை நான்கு பக்கமும் மீட்டரையும் போட்டோ எடுத்து அந்தக் கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். இதற்கு முகம் சுளிக்கும் கடையில் விட வேண்டாம்.

லோன் பாக்கி இருந்து முடித்திருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யில் எச்.பி. கேன்சல் (லோன் இருப்பதாக உள்ள குறிப்பை நீக்குவது) செய்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். அது முடியாமல் வண்டியை நிறுத்தினால், லோனில் வாங்க வருகிற நல்ல பார்ட்டி கையைவிட்டுப் போய்விடும். காலமும் பார்க்க வேண்டும். ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள், வந்து பார்த்துவிட்டு ஆவணியில் எடுப்பார்கள். மார்கழியும் அப்படித்தான், அதோடு டிசம்பரில் "இன்னும் பத்து நாள்ல வருஷம் மாறிடும்" என்று விலையைக் குறைப்பார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய ஒரு மாதமும் தை மாதமும் நல்ல நேரம். ஜூன் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டு மாதம் சும்மா நிற்கும், பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தும்.

இனி அக்காவின் வேகன்ஆர். வாங்குபவருக்கு இந்தக் கடைகளில் உள்ள பெரிய வசதி, ஒரே மதியத்தில் ஐந்தாறு வேகன்ஆரை அடுத்தடுத்து உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கலாம். போனில் படம் பார்த்து வாங்குவதற்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. கடை நிரந்தரமாக அங்கே இருப்பது, பிறகு போய் நிற்க ஒரு இடம் இருப்பது, இதெல்லாம் நிஜமான பயன். ஆனால் அக்கா ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். அந்த வண்டி கடைக்காரருடையது இல்லை. 'எங்க வண்டி மாதிரிங்க' என்று அவர் சொன்னாலும், நாளைக்கு கியர்பாக்ஸ் போனால் பொறுப்பேற்க அவரிடம் எதுவும் இல்லை. பெரிய நிறுவனங்கள் வாங்கி, சரிபார்த்து, வாரண்டியோடு விற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். விலையும் அதற்கேற்பக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே வாங்குவதில் அர்த்தமில்லை.

அதனால் முதல் கேள்வி: இது கடை வாங்கிய வண்டியா, பார்க்கிங் வண்டியா? பார்க்கிங் என்றால் ஓனரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். "ஓனர் ஃபாரின்ல இருக்காருங்க" என்றால், போனிலாவது பேசாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பணம் ஆர்.சி.யில் பேர் உள்ளவரின் கணக்குக்கே போகட்டும். கடைக்காரரிடம் கொடுத்து அவர் ஓனருக்குக் கொடுக்காமல் இழுத்தால் என்ன ஆகும்? ஓனரின் சம்மதத்தோடு வண்டியை வைத்திருக்கும் வியாபார ஏஜென்டிடம் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் அது கோர்ட்டில் பேச வேண்டிய விஷயம். பணம் வராத ஓனர் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டார், பேர் மாறாது, வண்டி வாசலில் நிற்கும்.

பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை இருந்தால் என்னவென்று கேளுங்கள். 2025 ஜனவரி முதல் பழைய கார்களுக்கு 18 சதவீதம். ஆனால் அது ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி, தான் வாங்கி விற்கும்போது கிடைக்கும் லாபத்தின் மீது மட்டும், வண்டியின் முழு விலை மீது இல்லை. பார்க்கிங் வண்டியில் விற்பவரும் வாங்குபவரும் தனிநபர்கள், வண்டி விலைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பதிவு பெற்ற கடை என்றால் தன் கமிஷனுக்கு மட்டும் போடலாம். நாலு லட்சத்துக்குப் பதினெட்டு சதவீதம் என்று யாராவது கணக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

வண்டியைப் பார்ப்பது பற்றி நிறையச் சொல்லலாம், இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பழுது பார்க்கப்பட்டு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தன. உள்ளே எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள், சீட் பெல்ட்டை மட்டும் விட்டிருப்பார்கள். டிரைவர் பக்கத்து பெல்ட்டை முழுக்க, அது இனி வராது என்கிற வரைக்கும் இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் காவி நிறத்தில் கோடு இருந்தால், துணியில் மண் ஊறி மொட மொட என்று இருந்தால், அந்த வண்டி வேண்டாம். அடுத்தது, ஐந்து கதவுக் கண்ணாடிகளின் மூலையிலும் அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டிக்கு நான்கு டயரும் புதிதாக இருந்தால், கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், மீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாக விட்டபோது எத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் மூலமாகக் கேட்டு வாங்கலாம். வேகன்ஆரில் கேஸ் கிட் பூட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், கடைக்காரர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். பாக்கி அபராதம் எதுவும் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பேர் மாற்றத்தை 14 நாளுக்குள் அக்காவே செய்துவிட வேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானாக வரும், அக்காவின் வண்டிக்கே அடிபட்டால் வரும் பணம் அப்படி வராது. பேர் மாற்றத்துக்குக் கடையில் தனியாக ஒரு தொகை கேட்பார்கள். அதில் அரசு கட்டணம் எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மொத்த விலையில் பத்தாயிரத்தைப் பிடித்து வைத்து, ஆர்.சி. அக்கா பேரில் கைக்கு வந்த அன்றைக்குக் கொடுப்பதாகப் பேச முடிந்தால் ரொம்ப நல்லது. எங்கள் கடையில் அப்படிப் பேசியவர்களின் ஃபைல் எப்போதும் என் மேஜையில் மேலேதான் இருக்கும்.

உங்கள் ஸ்விஃப்ட்டுக்கு, நானாக இருந்தால் ஆடி முடியும் வரை வீட்டிலேயே வைத்திருந்து, எச்.பி. கேன்சலையும் ஃபாஸ்டேக்கையும் முடித்துவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் 29-சி போட்டுத் தரும் கடையில் நாற்பத்தைந்து நாளுக்கு விடுவேன். பொள்ளாச்சியில் அப்படிக் கடை கிடைக்காவிட்டால் கோவையில் தேடுங்கள். வண்டியை விட்ட அன்றைக்கு எழுதி வாங்கிய காகிதத்தின் படத்தையும் ஒரிஜினல் ஆர்.சி. எங்கே இருக்கிறது என்பதையும் வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு வண்டி ஏறுங்கள்.